ரிச்மண்டின் 2024 டிராஃப்ட் பசங்க: கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க

மஞ்சள்பட்டை:
ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) டிராஃப்ட்ல, அதாவது கிளப்புங்க வரிசைப்படி இளம் ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கறதுல, 2024ல நம்ம ரிச்மண்டுக்கு வந்தவங்க: லேலர், ஸ்மைலி, ஹாட்டன், ஃபால், ட்ரெய்னர், ஆர்ம்ஸ்ட்ராங், சிம்ஸ், ஆல்ஜர். எட்டுப் பேருக்கும் இங்க அறிமுகம் தேவையில்லை. 2025ல ஜெயிச்சது அஞ்சே ஆட்டம், டேபிள்ல 17வது, அதையும் விடுங்க. புள்ளிவிவரம் வேண்டாம். ஒரே ஒரு காட்சி சொல்லுங்க.

எனக்கு டிஃபெண்டர் லூக் ட்ரெய்னர் தான் காவல் காக்குற ஆளை விட்டுட்டுக் கிளம்புற அந்த நொடிதான். எதிரணிக்காரன் நடு மைதானத்துல பந்தோட தலையைக் குனியுறான். உதைக்கப் போறவன் தலை குனிஞ்சா, அதுக்கப்புறம் திசையை மாத்துறது கஷ்டம். ட்ரெய்னர் அப்பத்தான் நகர்றார், அதுக்கு முன்னால இல்லை. பத்துப் பதினைந்து மீட்டர் குறுக்கே ஓடி, பந்து இறங்குற இடத்துல மூணாவது ஆளா எகிறுறார். பக்கவாட்டுல இருந்து வந்தா ரெண்டு கையாலயும் பிடிக்கிறார், முதுகுக்குப் பின்னால மாட்டிக்கிட்டா முஷ்டியால குத்தி விடுறார். இந்த ரெண்டுல எதுன்னு காத்துல இருக்கும்போதே முடிவு பண்றதுதான் பத்தொன்பது வயசுல அபூர்வம்.

பாக்கெட்மூலை:
நல்ல காட்சி, ஆனா பாதிதான். ட்ரெய்னர் விட்டுட்டு வந்த ஆளை யார் பார்த்துக்கிட்டதுன்னு ரீப்ளேல பாருங்க. நம்ம மூத்த டிஃபெண்டர் நிக் விலாஸ்டுயின் சத்தமில்லாம ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நிப்பார். அவர் இல்லாத வரிசைல அதே ஓட்டம் ஓடினா எதிரணிக்கு இலவச கோல்.

என் காட்சி வி.எஃப்.எல். (ஏ.எஃப்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்) ஆட்டத்துல. இந்த எட்டுப் பேர்ல ஒரு உயரமான ஃபார்வர்ட், பேர் வேண்டாம். அவர் மேல நின்ன டிஃபெண்டர் முப்பதை ஒட்டின ஆளு. உயரமா ஒரு பந்து வந்துச்சு. பையன் கண்ணு பந்து மேலயே இருந்துச்சு, கை ரெண்டும் சீக்கிரமே மேல போயிடுச்சு. டிஃபெண்டர் குதிக்கவே இல்லை. பந்து வர அரை நொடி இருக்கும்போது முன்கையை இடுப்புக்குக் கீழ வெச்சு மெதுவா ஒரு அழுத்து. கை மேல போனவனுக்குக் கால்ல பிடிமானம் கிடையாது, ரெண்டு எட்டு முன்னால தள்ளாடிட்டார். பந்து தலைக்கு மேல போச்சு. அம்பயர் விசில் ஊதலை, ஊதவும் முடியாது, அது தள்ளுன்னே தெரியலை.

முதல்ல உடம்பு, அப்புறம் பந்து. டிஃபெண்டர் நம்மைத் தொடுறதுக்கு முன்னால நாமதான் அவரைத் தொடணும், பின்பக்கத்தைக் கொடுத்து, முட்டி மடக்கி, கையைக் கடைசி நொடி வரைக்கும் கீழயே வெச்சு. நம்ம மூத்த ஃபார்வர்ட் டாம் லின்ச் வருஷக்கணக்கா பண்றது இதைத்தான். எண்பத்தஞ்சு கிலோ பையன் தொண்ணூத்தஞ்சு கிலோ ஆளோட நிக்கும்போது உயரம் ஒண்ணும் பண்ணாது. அந்தப் பத்துக் கிலோவை ஒரே ப்ரீசீசன்ல (சீசனுக்கு முந்தின பயிற்சிக் காலத்துல) ஏத்தினா ஓட்டம் போயிடும். மூணு வருஷம் வேணும். அதனால ஃபாலையும் ஆர்ம்ஸ்ட்ராங்கையும் இப்பவே கோல் கணக்கு வெச்சு அளக்காதீங்க.

சென்டர்ஸ்கொயர்:
புள்ளிவிவரம் வேண்டாம்னா எப்படி? முதல் சுற்றுல கார்ல்டன் 41 புள்ளி முன்னால இருந்து, நாம 13 புள்ளில ஜெயிச்சோம். சாம் லேலருக்கு அது முதல் ஆட்டம். அந்த எண்ணைச் சொல்லாம அந்த ராத்திரியைச் சொல்லவே முடியாது.

லேலர் பத்தி எல்லாரும் அந்தக் கையால தள்ளி விடுறதையே பேசறாங்க, டஸ்டின் மார்ட்டின் ஞாபகம் வருதுன்னு. எனக்கு உறுத்துறது அங்கதான். தள்ளி விட்டுட்டு ஓடினா விதிப்படி பந்தை வெளியேத்த உனக்கு வாய்ப்பு கிடைச்சாச்சு. அடுத்தவன் பிடிச்ச உடனே பந்தை முறையா வெளியேத்தலைன்னா ஃப்ரீ கிக் எதிரணிக்கு. மார்ட்டின் தள்ளினதை மட்டும் நினைவு வெச்சிருக்கோம். தள்ளின கை திரும்பிப் பந்துக்கு வந்து, ரெண்டே எட்டுல ஹேண்ட்பாலோ (முஷ்டியால தட்டிக் கொடுக்கறது) உதையோ போயிடும். லேலர் அந்த ரெண்டாவது வேலையையும் செய்யறாரான்னு பாருங்க. ஆட்டம் தொடங்கறப்ப நடுச் சதுரத்துல ஒரு பக்கத்துக்கு நாலே பேர்தான், தப்பினா பின்னால காலி.

பழையகணக்கு:
எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க. 2004 டிராஃப்ட்லயும் இப்படித்தான் இருந்தோம். முதல் பிக்ல (தேர்வு வரிசையில 1வது இடம்) டெலிடியோ, 4ல டாம்ப்ளிங். அடுத்த பிக்ல, அதாவது 5ல, ஹாத்தார்ன் எடுத்தது லான்ஸ் ஃப்ராங்க்ளினை. ஆயிரத்துக்கு மேல கோல். ஒரு வருஷம் பார்த்துட்டு யாரையும் தூக்கி வைக்காதீங்க.

பாக்கெட்மூலை:
அண்ணே, இருபது வருஷமா இதையே சொல்றீங்க. 2009ல ஸ்கல்லி, ட்ரெங்கோவ் ரெண்டு பேரையும் மெல்பர்ன் எடுத்த பிறகு 3ல நமக்கு வந்தவர் மார்ட்டின். கிராண்ட் ஃபைனல்ல சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல் மூணு. அதையும் சேர்த்து எழுதுங்க.

பழையகணக்கு:
எழுதிட்டேன் தம்பி. டாம்ப்ளிங்கை மறந்துடாதேன்னுதான் சொல்றேன்.

முட்டிவைத்தியம்:
ஹாட்டன் பத்தி யாரும் பேசலையே. டிராஃப்ட் வருஷத்துலயே முட்டியின் ஏ.சி.எல். தசைநார் அறுந்து, ஆட முடியாத நிலைமையிலும் 12ல எடுத்தாங்க. 2025 சீசனின் பின்பகுதியில் அறிமுகமும் ஆகிவிட்டார். என் கண்ணில் நின்ற காட்சி சின்னது: தரையில் கிடந்த பந்தை ஓடிக்கொண்டே அள்ளி, வெட்டித் திரும்பியபோது எந்தக் காலை ஊன்றினார் என்பது. அவ்வளவுதான்.

இனி வருவதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பும் பசங்களை ரசிகர்கள் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள். நேராக ஓடும் வேகத்தைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்கிறார்கள். நேர் ஓட்டம் சீக்கிரமே திரும்பிவிடும். கடைசியில் வருவது நிற்பது. முழு வேகத்தில் வந்து மூன்றே எட்டில் நின்று, அதே காலில் திரும்புவது. தொடைத் தசைநாரிலிருந்தோ முட்டிச்சில்லுத் தசைநாரிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துத்தான் புது ஏ.சி.எல். கட்டுகிறார்கள். அந்தத் துண்டு ஒட்டி, ரத்த ஓட்டம் பெற்று, உண்மையான தசைநார்போல மாற மாதங்கள் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்தில் இறக்குவது சூதாட்டம். பதினெட்டு வயதுக்காரனுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது, மறுபடி அறுந்துபோகும் ஆபத்து இளம் வயதில்தான் அதிகம். அறுவை செய்த காலின் முன்தொடை பலம் மற்ற காலுக்குப் பத்து சதவீதத்துக்குள் வர வேண்டும். ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது.

மைதானத்தில் மூன்று விஷயம் பாருங்கள். இரண்டு பக்கமும் திரும்புகிறாரா, இல்லை ஒரே பக்கமா. எகிறிப் பந்தைப் பிடித்து (மார்க்) இறங்கும்போது இரண்டு காலிலும் இறங்குகிறாரா. நான்காம் குவார்ட்டரில், தசை சோர்ந்த பிறகும், இந்த இரண்டும் அப்படியே இருக்கிறதா. கார்ல்டன் 3ல் எடுத்த ஜாகா ஸ்மித்துக்கும் முதல் ப்ரீசீசனிலேயே இதே காயம். அவரிடமும் இதே மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்மைலி கதை வேறு. 190 செ.மீ. தாண்டிய மிட்ஃபீல்டர், முதல் வருஷத்தில் தசைக் காயங்கள், சீனியர் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. தொடைப் பின்தசை கிழிவது பெரும்பாலும் முழு வேக ஓட்டத்தில், முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு. நீளமான காலுக்கு அந்த இடத்தில் இழுவை கூடுதல். ஜிம்மில் தூக்கும் எடை மட்டும் இதைத் தடுக்காது. முட்டி போட்டு உடம்பை மெல்ல முன்னால் இறக்கும் நார்டிக் பயிற்சியும், வாரத்துக்கு இரண்டு தடவை முழு வேகத்தைத் தொடும் குறுகிய ஓட்டமும் சேர்ந்து வேண்டும். காயம் பட்டவனை வேகமாக ஓடவே விடாமல் வைத்திருந்துவிட்டு ஆட்டத்தன்று ஓடச் சொன்னால் மறுபடியும் கிழியும்.

மஞ்சள்பட்டை:
டாக்டர், கேட்டது காட்சி. சரி, பயனுள்ள பாடம்தான். ஹாட்டனை 12ல எடுத்தோம்னு சொன்னீங்க, கைல இருந்தது 10 தானே?

பிக்கணக்கு:
அதை நான் சொல்றேன். ஷாய் போல்டனை ஃப்ரீமாண்டிலுக்கு விட்டப்ப பதிலுக்கு வந்த பிக் 10, 11, 18. டேனியல் ரியோலி கோல்ட் கோஸ்ட் போனதுல 6. டிராஃப்ட் ராத்திரியில 5வது பிக்குக்கு லீவை ஆஷ்க்ராஃப்டை இன்னொரு கிளப் கேட்டுச்சு (இதைத்தான் ஏலம்னு சொல்றோம்), அப்பா ஆடின கிளப்புக்கு முன்னுரிமை தர்ற தந்தை-மகன் விதில பிரிஸ்பன் டிராஃப்ட் புள்ளிகளைக் கொடுத்து ஈடு கட்டிடுச்சு. உடனே பின்னால இருக்கற எல்லாரும் ஒரு இடம் கீழே. நம்ம 6, 7 ஆச்சு: ஸ்மைலி. 9ல கோல்ட் கோஸ்ட் அதே மாதிரி தன் அகாடமியில (கிளப்போட பயிற்சிப் பள்ளி) வளர்ந்த பையன் லியோ லாம்பார்டை எடுத்ததும் 10, 12 ஆச்சு: ஹாட்டன். 13ல எஸ்ஸென்டன் தன் அகாடமிப் பையன் ஐசக் காக்கோவை எடுத்ததும் 11, 14 ஆச்சு: ஃபால். 18, 21 ஆச்சு: ட்ரெய்னர்.

எண் மாறினா ஆள் மாறிட்டான்னு அர்த்தமில்லை. ஏலத்துல போற பையன் எப்படியும் நமக்குக் கிடைக்கப் போறதில்லை, வரிசைல நமக்கு முன்னால எடுக்கற கிளப்புங்க அதேதான். "10ஐ 12ஆக்கி ஏமாத்திட்டாங்க"ன்னு புலம்பறவங்களுக்காகச் சொல்றேன்.

காட்சி கேட்டீங்கல்ல. எனக்கு இந்த எட்டுப் பேருமே இல்லை. 2019 கிராண்ட் ஃபைனல்ல மார்லியன் பிக்கெட் எதிராளிக்கு முதுகைக் காட்டிச் சுழன்று வெளியே வந்தது. சீசன் நடுவுல நடந்த ரூக்கி டிராஃப்ட்ல வந்தவர், வயசு 27, சீனியர் அணியில அதுதான் முதல் ஆட்டம். பதினெட்டு வயசுப் பசங்களை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா இந்த மாதிரி ஆளு கண்ணுல படமாட்டாங்க.

சென்டர்ஸ்கொயர்:
பிக்கெட் தனி ரகம், அதை இதோட சேர்க்காதீங்க. அந்த அணில கோச்சின், மார்ட்டின், பிரெஸ்டியா எல்லாம் சுத்தி நின்னாங்க. சுழல இடம் கிடைச்சுச்சு. இப்ப இருக்கற அணில ஒரு பையன் அப்படிச் சுழன்றா அந்தப் பக்கம் ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருப்பான்.

மஞ்சள்பட்டை:
ஸ்மைலி உடம்பு சரியாகி வந்தா நடுச் சதுரத்துல ஆட்டம் தொடங்கறப்ப எந்த மிட்ஃபீல்டரை வெளியே எடுக்கறது? ஹாப்பரா, டராண்டோவா?

சென்டர்ஸ்கொயர்:
ரெண்டு பேரையும் எடுக்க வேண்டாம். மூணாவது மிட் இடத்தை லேலரும் ஸ்மைலியும் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் மாத்திக்கட்டும், வெளியே இருக்கறவர் ஃபார்வர்ட் பாக்கெட்ல (கோலுக்குப் பக்கத்து மூலைல) நிக்கட்டும். ரக்குல, அதாவது தூக்கிப் போட்ட பந்துக்கு எகிறுற இடத்துல, நான்கெர்விஸ் தட்டிவிடுற பந்து பெரும்பாலும் கால்கிட்டயே விழும், அங்க குனிஞ்சு அள்ளி, அடி வாங்கிக் கொடுக்கற பெரிய உடம்பு ஒண்ணு எப்பவும் வேணும்.

முட்டிவைத்தியம்:
முதல் மாதம் ஆட்டத்துக்கு அறுபது சதவீத நேரத்துக்கு மேல் ஸ்மைலியை மைதானத்தில் விடாமல் இருந்தால் சரி.