மேல்கைத் தசைகள்: விரல் வைத்துப் பார்க்காமல் கிரேடு போட்டால் என்ன ஆகும்? அனுபவங்களைப் பகிருங்கள்

திருச்சி பிசியோ

தோள்மூட்டு திரும்பத் திரும்ப நழுவியதற்காக லதார்ஜே அறுவை செய்துகொண்ட ஓர் இளைஞர். அவருடைய சீட்டில் 'முழங்கை மடக்கம் 4' என்று எழுதியிருந்தது (தசைப் பலத்துக்கு 0 முதல் 5 வரை போடும் கிரேடு, 5 என்றால் முழுப் பலம்). கட்டைவிரல் மேலே பார்க்க முன்கையை வைத்து மடக்கச் சொன்னால் உண்மையிலேயே 4தான். உள்ளங்கையை மேலே திருப்பி மடக்கச் சொன்னதும் பாதி வழியில் நின்றுவிட்டது. மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் மேல் விரல் வைத்தால் இறுக்கமே இல்லை. முன்கையின் வெளிப்பக்கத்தில் பிரேக்கியோரேடியாலிஸ் மட்டும் கயிறு போல எழுந்து நின்றது.

பிரேக்கியோரேடியாலிஸுக்கு வருவது ரேடியல் நரம்பு. பைசெப்ஸுக்கும், அதற்கு அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் தசையின் பெரும்பகுதிக்கும் மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு. அது கொராக்காய்டு (தோள்பட்டை எலும்பில் கொக்கி போல முன்னால் நீளும் பகுதி) முனைக்குச் சில செ.மீ. கீழே கொராக்கோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போகிறது. லதார்ஜேயில் கொராக்காய்டையே வெட்டி இடம் மாற்றுவதால் இந்த நரம்பு இழுபடக்கூடும். முன்கையின் வெளிப்பக்கத் தோலைப் பஞ்சால் தொட்டபோது உணர்ச்சியும் குறைந்திருந்தது. அந்த இடத்துக்கு வருவது இதே நரம்பின் கடைசிக் கிளை.

முழங்கையை 90 டிகிரியில் வைத்து மூன்று நிலையிலும் பாருங்கள். உள்ளங்கை மேலே இருந்தால் பைசெப்ஸ், கீழே இருந்தால் பிரேக்கியாலிஸ், கட்டைவிரல் மேலே இருந்தால் பிரேக்கியோரேடியாலிஸ் என்று பாடத்தில் வரும். நடைமுறையில் மூன்றும் எல்லா நிலையிலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும், அவற்றின் பங்குதான் கூடிக் குறையும். அதனால் எதிர்விசை கொடுக்காத கையின் விரல்கள் தசைமேல் இருந்தே தீரவேண்டும்.

உடற்கூறு டியூட்டர்

பிரேக்கியாலிஸ் பைசெப்ஸுக்கு அடியில் இருப்பதால் தொட முடியாது என்று பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். தாராளமாகத் தொடலாம். முன்கையை மடியில் உள்ளங்கை கீழே பார்க்க வைக்கச் சொல்லுங்கள். மேல்கையின் கீழ்ப்பாதியில், பைசெப்ஸின் வெளி விளிம்பை ஒட்டி விரல்நுனிகளை வைத்து, மிக லேசாக மடக்கச் சொல்லுங்கள். பலமாக மடக்கினால் பைசெப்ஸ் எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். உள்விளிம்பிலும் கிடைக்கும், ஆனால் அங்கே அழுத்த வேண்டாம். பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகின்றன. துடிப்பு தெரிந்தாலோ, கைவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது என்று நோயாளி சொன்னாலோ உடனே விரலை எடுத்துவிடுங்கள்.

பைசெப்ஸின் நீள்தலைத் தசைநாணைத் தேடும்போது விரலைத் தேய்த்துக்கொண்டு அலையக் கூடாது. மேல்கை உடலோடு ஒட்டி, முழங்கை 90 டிகிரி, முன்கையைச் சுமார் 10 டிகிரி உடலை நோக்கித் திருப்பினால், மேல்கை எலும்பில் அந்தத் தசைநாண் ஓடும் பள்ளம் நேர் முன்னால் வரும். விரலை அசைக்காமல் வைத்து, நோயாளியின் கையை உள்ளும் வெளியும் சுழற்றுங்கள். மேடு, பள்ளம், மேடு என்று விரலுக்கு அடியில் உருளும். அந்த இடத்தை அழுத்தினால் நலமாக இருப்பவர்களுக்கே வலிக்கும், மறுபக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

ஆர்த்தோ பிஜி

எங்கள் பக்கத்தில் ஏமாற்றுவது, கீழ்முனையில் அறுந்த பைசெப்ஸ். கையிலிருந்து நழுவும் கேஸ் சிலிண்டரைப் பிடிக்கப் போய், முழங்கை முன்பக்கம் 'டப்' என்றது, பிறகு நீலம் பாரித்தது என்று வருவார்கள். பிரேக்கியாலிஸ் நன்றாக இருப்பதால் மடக்கும் பலம் அவ்வளவாகக் குறைந்திருக்காது. திருகாணி முடுக்குவது போல உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொல்லித் தடுத்துப் பாருங்கள், அங்கேதான் குறை வெளிப்படும்.

2007இல் ஓ'டிரிஸ்கால் குழு வெளியிட்ட ஹூக் டெஸ்ட் இதற்குக் கைகொடுக்கும். முழங்கை 90 டிகிரி, உள்ளங்கையை முழுதும் மேலே திருப்பி, நோயாளியே பலமாக அப்படி வைத்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரலை வெளிப்பக்கத்திலிருந்து தசைநாணுக்கு அடியில் கொக்கி போல் நுழையுங்கள். தசைநாண் முழுதாக இருந்தால் விரல் சுமார் 1 செ.மீ. உள்ளே போய் மாட்டும். உட்பக்கத்திலிருந்து நுழைத்தால் லசெர்டஸ் ஃபைப்ரோசஸ் (பைசெப்ஸ் தசைநாணிலிருந்து உட்பக்கமாக விரியும் நார்ப்பட்டை) விளிம்பில் மாட்டிக்கொண்டு, அறுந்ததை முழுசு என்று எழுதிவிடுவோம். பாதி அறுந்த கேஸ்களிலும் விரல் மாட்டும். அங்கே வலி இருந்தால் எம்ஆர்ஐ கேளுங்கள்.

வயதானவர்களுக்கு மேலே நீள்தலை அறுந்தால் புடைப்பு முழங்கைப் பக்கம் இறங்கும். கீழ்முனை அறுந்தால் புடைப்பு தோள் பக்கம் ஏறும்.

நியூரோ ரீஹாப்

முழங்கையை நீட்டும் பின்பக்கத் தசை டிரைசெப்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே. உட்கார வைத்து, கையைத் தொங்கவிட்டு 'நீட்டுங்க' என்றால் புவியீர்ப்பே நீட்டிவிடும், பலமே இல்லாத தசைக்கும் 3 கிடைத்துவிடும். குப்புறப் படுக்கவைத்து, தோளை 90 டிகிரி பக்கவாட்டில் விரித்து, முன்கையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். முழுதும் நீட்டும் முன்பே, 10-15 டிகிரி மடக்கம் மீதி இருக்கும்போது எதிர்விசை கொடுங்கள். முழுதாக நீட்டினால் மூட்டு பூட்டிக்கொள்ளும், பிறகு தாங்குவது எலும்பா தசையா என்று தெரியாது. கழுத்துத் தண்டுவடக் காயத்தில் டிரைசெப்ஸ் இல்லாதவர்கள் தோளை வெளிப்புறம் சுழற்றி இதே பூட்டை வைத்துத்தான் கையை ஊன்றி நகர்கிறார்கள். அவர்களுக்கு அது உயிர்நாடி, தசைச் சோதனையில் மட்டும் அதை நம்பக் கூடாது.

மேல்கை எலும்பு நடுவில் முறிந்து, ரேடியல் நரம்பு அடிபட்டு, மணிக்கட்டு தொங்கிப்போனவருக்கு டிரைசெப்ஸ் பெரும்பாலும் தப்பியிருக்கும், அதற்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடுகின்றன. அக்குளில் கட்டை ஊன்றி அதே நரம்பு நசுங்கியவருக்கு டிரைசெப்ஸும் போகும். மணிக்கட்டை மேலே தூக்க முடிந்து, டிரைசெப்ஸ் தளர்ந்து அதன் அனிச்சையும் மங்கியிருந்தால் கழுத்தில் சி7 (ஏழாவது கழுத்து நரம்பு) வேரைத் தேடுங்கள்.

பைக் விபத்தில் பிரேக்கியல் பிளெக்ஸஸின் (கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல்) மேல்பகுதி அறுந்து, ஓபெர்லின் முறையில் அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கட்டை பைசெப்ஸுக்குத் திருப்பியவர்களைச் சோதிக்கும்போது 'கையை மடக்குங்க' என்று மட்டும் கேட்டுவிட்டு 0 போடாதீர்கள். முஷ்டியை இறுக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கச் சொல்லி, பைசெப்ஸ் மேல் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முதல் துடிப்பு விரலுக்கே முதலில் தெரியும். அதுதான் கிரேடு 1. அங்கிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது, அதைத் தவறவிட்டால் அவருக்குத்தான் நஷ்டம்.

இன்டர்ன்

மேடம், 4க்கும் 5க்கும் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்?

திருச்சி பிசியோ

அளவாகச் சொல்ல முடியாது தம்பி. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து உடல் எடையில் ஏறக்குறைய 2.2 சதவீதம், 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1.3 கிலோ. அதைத் தூக்கினாலே 3 வந்துவிடும். அதற்கு மேல் முழுப் பலம் வரைக்கும் உள்ள அத்தனையும் 4க்குள் அடங்குகிறது, அதனால் மாதா மாதம் '4' என்றே எழுதினால் தேறுகிறாரா என்பது தெரியாது. டைனமோமீட்டர் (விசையை அளக்கும் கருவி) இருந்தால் கிலோவில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நலமான பக்கத்தை முதலில் பாருங்கள், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் பிடியுங்கள், 2-3 விநாடியில் மெல்ல விசையைக் கூட்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் நல்ல தசையும் விட்டுக்கொடுக்கும். 'தள்ளுங்க' என்றால் உடம்பையே சாய்ப்பார்கள். 'நான் இழுக்கிறேன், கையை அசைய விடாதீங்க' என்று சொல்லுங்கள். வலியால் விட்டால் கிரேடுக்குப் பக்கத்தில் 'வலி' என்று எழுதிவிடுங்கள்.