ஸ்ரோக் வந்த அண்ணாவுக்கு மாற்றுத்திறனாளி கொடுப்பனவு கிடைக்குமா?

பனைவடலி:
அண்ணாவுக்கு 46 வயது. கொம்பனி லொறி ஓட்டினவர். தைப்பொங்கல் முடிந்த கையோடு ஸ்ரோக் (பக்கவாதம்) வந்து, இப்போது ஆறு மாதம் தாண்டிவிட்டது. தடி ஊன்றி நடக்கிறார். வலக்கை விரல்கள் விரியாது. வலப்பக்கப் பார்வையும் போய்விட்டது. தட்டில் இடப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு "முடிஞ்சுது" என்று எழும்புவார். வலப்பக்கத்தில் மீன் துண்டு அப்படியே கிடக்கும். தட்டைத் திருப்பி வைத்தால்தான் கண்ணில் படும்.

விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், "ஆள் நடந்துதானே வந்திருக்கிறார், வருத்தத்துக்கெல்லாம் காசு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் இருப்பது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி இரண்டும்தான். அண்ணிக்கும் வேலை இல்லை. இனி என்ன செய்யலாம்?

மானிப்பாய் ரோட்:
ஸ்ரோக்குக்குக் கிடையாது. கிட்னி வருத்தக்காரருக்குத்தான் மாதக்காசு. எங்கள் மாமா எடுக்கிறார்.

பழைய கந்தோர்:
மேலே சொன்னது பிழை. சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு ஒன்று, மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு இன்னொன்று. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டையும் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். தொகை ஒன்று என்பதால் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுமே வருமானம் குறைந்தவர்களுக்கானவை.

தங்கச்சி, நடந்து வந்தவருக்கு இல்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பார்ப்பது நோயின் பெயரையும் அல்ல. உடலிலோ மனதிலோ உள்ள குறைபாட்டால், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பதுதான் கணக்கு. பிறவியிலேயே இருந்ததா, இடையில் வந்ததா என்பதும் பொருட்டில்லை. உங்கள் டயக்னோசிஸ் காட் என்ன வந்தது என்று சொல்லும். அண்ணாவால் என்ன முடியாது என்று சொல்லாது. அதற்கு வைத்தியரின் கடிதம் வேண்டும். அதோடு விதானையாரின் (கிராம அலுவலர்) உறுதிப்படுத்தலையும் எடுத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையே நேரில் பாருங்கோ. விண்ணப்பத்தை வாயால் மறுத்தால் திரும்பி வராதீர்கள். எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கோ.

பனைவடலி:
நன்றி அண்ணை. கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டர் இரண்டு வார்த்தை கேட்டாலே பெரிய விஷயம். கடிதத்தில் என்ன எழுதச் சொல்வது?

வெள்ளைத்தொப்பி:
நான் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்தவள், அதனால் சொல்கிறேன். டொக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம், அவருக்குக் கோபம் வரும் :) ஆனால் ஒரு துண்டில் நீங்கள் எழுதி வைத்திருந்து வாசியுங்கோ: சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது, சோறு பிசைய முடியாது, குளிக்க ஆள் வேண்டும், றோட்டைத் தனியே கடக்க முடியாது. இப்படி வேலை வேலையாகச் சொன்னால் அவரும் அப்படியே எழுதுவார்.

இன்னொன்று. எங்கள் ஆட்களுக்கு ஒரு ரோசம் இருக்கிறது. டொக்டர் "எப்படி?" என்றதும், "இப்ப பரவாயில்லை டொக்டர்" என்பார்கள். அவர் கொப்பியில் அதையே எழுதுவார். பிறகு கொடுப்பனவு என்று போகும்போது அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கும். அண்ணாவிடம் இதை முதலே சொல்லி வையுங்கோ.

பார்வை விஷயத்தை விடவே கூடாது. கையும் காலும் வெளியில் தெரியும், இது தெரியாது. கண் கிளினிக்குக்குத் துண்டு கேட்டு, பார்வைப் புலச் சோதனை (எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) செய்வியுங்கோ. அந்தப் படத்தில் பாதி கறுப்பாக இருப்பதை யாரும் மறுக்க முடியாது.

ஐந்துசந்தி:
கொம்பனி லொறி என்றால் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்குமே? ஆண்களுக்கு 55 வயது ஆக வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். நிரந்தரமாக வேலை செய்ய இயலாமல் போனால் அதற்கு முன்னரே எடுக்கலாம், வைத்தியச் சான்றிதழ் வேண்டும். தொழில் திணைக்களத்தில் கேளுங்கோ. வேலையை விட்டபடியால் ஈ.ரி.எஃப்பையும் (ஊழியர் நம்பிக்கை நிதி) எடுக்கலாம்.

பனைவடலி:
ஈ.பி.எஃப் பற்றி யோசிக்கவே இல்லை! இலக்கம் பழைய சம்பளத் துண்டில் இருக்கிறது. கண் கிளினிக்குக்கும் திகதி கிடைத்துவிட்டது. ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் கொடுக்கலாமா?

பழைய கந்தோர்:
வேண்டாம். கொடுப்பனவுக்கு "ஓரளவுக்கு இயலாமை" போதும். ஈ.பி.எஃப்புக்கு அது போதாது, இனி வேலைக்கே போக முடியாது என்று முழுமையாகவும் நிரந்தரமாகவும் இருக்க வேண்டும். அதை வைத்தியர்தான் பார்த்துத் தீர்மானிப்பார். லொறிச் சாரதி என்பதையும், பாதிப் பார்வை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி, இரண்டு கடிதமாக எடுங்கோ. கண் கிளினிக் முடிவு வந்த பிறகு கேட்டால் இன்னும் நல்லது.