மிருகக்காட்சிசாலையில் எல்.ஐ (தொழிற்பயிற்சி): 12 வாரத்தில் உருப்படியாக என்ன ஆய்வு செய்யலாம்?

லயத்துப்பொண்ணு:
வணக்கம். விலங்கியல் மூன்றாம் ஆண்டு. வீடு சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தில். 12 வார எல்.ஐ-யைத் தைப்பிங் மிருகக்காட்சிசாலையில் செய்யலாம் என்று இருக்கிறேன். கூண்டு கழுவுவதோடு நின்றுவிடாமல் சின்ன ஆய்வு ஒன்றும் செய்ய ஆசை. சூரியக் கரடியை நினைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்? 12 வாரத்தில் எது நடக்கும், எது நடக்காது?

மரநாய்:
தங்கச்சி, கூண்டு கழுவுவதைக் குறைவாக நினைக்காதே. கரடி எதைத் தின்னாமல் விட்டது, சாணம் இளகியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். காப்பாளர் உன்னை நம்பத் தொடங்குவதும் அங்கேதான்.

மூன்று நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் போடு. அந்த இடம் தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருப்பது, அதனால் மலாயில் முறையான கடிதம் எழுது. பல்கலைக்கழகக் கடிதம், காப்புறுதி நகல், தேர்வு முடிவு மூன்றையும் சேர்த்து வை. விலங்குகள் மீது எவ்வளவு பிரியம் என்று பத்தி பத்தியாக எழுத வேண்டாம். ஒரே பக்கத்தில் திட்டம் போதும்: கேள்வி என்ன, எந்த விலங்கு, நாளைக்கு எத்தனை மணி நேரம், காப்பாளருக்கு எவ்வளவு கூடுதல் வேலை. படிப்பவர்கள் முதலில் தேடுவது அந்தக் கடைசி விவரத்தைத்தான்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "உணவைத் தட்டில் வைக்காமல் மரக்கட்டைப் பொந்துகளில் ஒளித்து வைத்தால், கரடி ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருப்பது குறையுமா?" இது போதும். முதல் 2 வாரம் பார்த்துப் பழகி, எதோகிராம் எழுது. அதாவது நடத்தைப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் படித்தாலும் மாறாத விளக்கம் வேண்டும். "பதற்றமாக இருக்கிறது" என்பது விளக்கமில்லை. "ஒரே தடத்தில் மூன்று முறைக்கு மேல் நடக்கிறது" என்பது விளக்கம். பிறகு 3 வாரம் வழக்கமான உணவு, 3 வாரம் ஒளித்த உணவு, 2 வாரம் மறுபடி வழக்கம். மிச்சம் எழுதுவதற்கு. அந்த நடுக் கட்டத்தை விட்டுத் திரும்பி வராவிட்டால், மாற்றம் உணவாலா, பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்ததாலா என்று சொல்லவே முடியாது.

கைக்கடிகாரத்தை 2 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர வை. அந்த நொடியில் கரடி என்ன செய்கிறதோ அதை மட்டும் குறி. இடையில் எவ்வளவு சுவையாக எதைச் செய்தாலும் ஓரத்தில் எழுது, கணக்கில் சேர்க்காதே. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை இந்த முறைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது, அதைக் கட்டாயம் படி. நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் 300 பதிவு. ஆனால் ஒரே கரடியின் 300 பதிவு 300 தனித்தனி மாதிரிகள் ஆகாது! அடுத்தடுத்த பதிவுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. ஒரு நாள் பதிவுகளில் எத்தனை விழுக்காடு நடை என்று நாளுக்கு ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டுக் கணக்குப் போடு.

பெரும்பாலும் கெட்டுப்போவது நேரத்தால். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க நடை கூடும். ஒரு கட்டத்தில் காலையிலும் இன்னொரு கட்டத்தில் சாயங்காலமும் பார்த்தால் எல்லாம் வீண். "கண்ணில் படவில்லை" என்ற கட்டமும் தாளில் இருக்கட்டும். தைப்பிங் மழையில் பேனா மை கரைந்துவிடும், பென்சில் கொண்டு போ.

நுண்ணோக்கி:
மேலே சொன்னதோடு உடல்நலப் பகுதி. டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசிகளை முன்பே போட்டுக்கொள். குரங்கினப் பிரிவு என்றால் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். உதட்டில் கொப்புளம் இருக்கும் நாளில் உங்கா (கிப்பன்) குரங்கு பக்கம் போகவே கூடாது. நமக்குச் சாதாரணமான ஹெர்பிஸ் கிருமி அதைக் கொன்றுவிடலாம்.

சாணத்தில் புழு முட்டை எண்ணுவதும் 12 வாரத்துக்குள் முடியும். தரையில் படாத நடுப்பகுதியை எடு. 3 கிராம் சாணத்தை 42 மில்லி நீரில் கரைத்து வடிகட்டு, மையவிலக்கில் சுற்றி மேல்நீரைக் கொட்டு, அதே அளவு நிறைவுற்ற உப்புக் கரைசல் சேர். மக்மாஸ்டர் தட்டின் (முட்டை எண்ணுவதற்கான கோடு போட்ட கண்ணாடித் தட்டு) இரண்டு அறையிலும் எண்ணி வந்ததை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. சாணத்தை வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து புழு வெளியே வந்துவிடும், எண்ணிக்கை குறைந்து காட்டும். உடனே 4 டிகிரி குளிரில் வை. மன அழுத்த ஹார்மோன் ஆய்வு வேண்டாம். உடனே உறைய வைக்க வேண்டும், சோதனைச் செலவும் பெரிது.

லயத்துப்பொண்ணு:
நன்றி அண்ணே, அக்கா. பதில் கடிதம் வரும்வரை தோட்டத்திலேயே ஏதாவது பழகலாமா?

கூகைக்கூடு:
பழகலாம் தங்கச்சி. செம்பனை நிரையில் எலியைப் பிடிக்கக் கூகை (ஒரு வகை ஆந்தை) தங்கும் பெட்டி வைத்திருந்தால், சின்னத் தொரையிடம் (தோட்டத் துணை மேலாளர்) கேட்டுவிட்டு, பெட்டியின் அடியில் விழுந்திருக்கும் உமிழுருண்டைகளை, அதாவது செரிக்காத எலும்பும் மயிருமாகக் கூகை கக்கிய உருண்டைகளை, பொறுக்கு. பெட்டியைத் திறக்காதே, குஞ்சு இருக்கலாம். ஆந்தை வகை என்று வீட்டில் முகம் சுளித்தால், தோட்டத்து எலியைப் பிடிப்பதே அதுதான் என்று சொல். கையுறை கட்டாயம். உருண்டையை அடுப்புச் சூட்டில் காயவைத்து, வெதுநீரில் ஊறப்போட்டுப் பிரி. கீழ்த்தாடை எலும்புகளை இடது, வலது என்று ஒதுக்கு. எந்தப் பக்கம் அதிகமோ அதுவே எலிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை. தேதி, பெட்டி எண், அந்தப் பகுதியில் எலி மருந்து வைத்தார்களா என்பதையும் எழுது. புரோடிஃபகூம் என்ற எலி மருந்தைத் தின்ற எலியைத் தின்றால் கூகையும் செத்துப்போகலாம். மருந்து எப்போது, எங்கே வைத்தார்கள் என்பது கிராணியின் (தோட்ட எழுத்தர்) பதிவில் இருக்கும்.