புதுப்பிப்பு: சந்தாதாரர்களை வேறு விபிஎன்னுக்கு மாற்றும் வேலை

பிராட்பேண்ட் சந்தாதாரர்களில் ஒரு பகுதியினரைப் பழைய எம்பிஎல்எஸ் விபிஎன்னிலிருந்து (ஒரே நெட்வொர்க்குக்குள் ஒரு குழுவின் போக்குவரத்தைத் தனியாகப் பிரித்து வைக்கும் அமைப்பு) புதியதற்கு மாற்ற வேண்டும், இணைப்பைத் துண்டிக்காமல் முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெரும்பகுதி முடிந்துவிட்டது. துண்டிக்காமல் எங்களால் முடியவில்லை.

ரேடியஸில் (சந்தாதாரரைச் சரிபார்த்து உள்ளே விடும் சர்வர்) விஆர்எஃப் (ஒவ்வொரு விபிஎன்னுக்கும் ரவுட்டரில் இருக்கும் தனி வழி அட்டவணை) பெயரை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) செஷன் அதைக் கண்டுகொள்ளாது. மறுபடி இணையும்போதுதான் புதியதற்குள் போகும். அதனால் ஆர்எஃப்சி 5176 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லும் டிஸ்கனெக்ட் (இணைப்பை வெட்டும்) செய்தியை, சந்தாதாரர்கள் இணையும் எங்கள் ரவுட்டரின் யூடிபி 3799 போர்ட்டுக்கு அனுப்பினோம். வீட்டு ரவுட்டர் தானே திரும்ப வந்துவிடுகிறது. எல்லாரையும் ஒன்றாக வெட்டினால் எல்லாரும் ஒன்றாகக் கதவைத் தட்டுவார்கள், ரேடியஸ் திணறும். எனவே நள்ளிரவுக்கு மேல், சின்னச் சின்னத் தொகுதியாக.

டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகத் தரும் முறை) வழியாக இணையும் சந்தாதாரர்கள்தான் படுத்தி எடுத்தார்கள். லீஸ் காலத்தில் (அந்த முகவரி செல்லுபடியாகும் காலம்) பாதி போன பிறகுதான் சாதனம் புதுப்பிக்கக் கேட்கும். அதுவரை பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கும். முந்தைய நாளே லீஸை 10 நிமிடமாகக் குறைத்து வைத்தது காப்பாற்றியது.

ரூட் டார்கெட்டை (எந்த வழிகளை எந்த விபிஎன் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டும் குறி) இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்யச் சொன்ன நண்பருக்கு நன்றி. பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்றிருந்தபோதும் டிஎன்எஸ், பில்லிங் சர்வர்கள் எல்லாருக்கும் எட்டின. இரண்டு விபிஎன்களின் ஐபி பூல்கள் (சந்தாதாரர்களுக்குத் தரும் முகவரித் தொகுப்புகள்) ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் இது சரிப்படும்.

நிலையான ஐபி உள்ள சில அலுவலக இணைப்புகள் பாக்கி. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளம்) இன்டர்ஃபேஸை வேறு விஆர்எஃப்புக்கு மாற்றினால் அதிலுள்ள ஐபி முகவரி அழிந்துவிடும், கையோடு திரும்பப் போட வேண்டும். அதை மட்டும் அடுத்த வாரம் பகலில், அவர்கள் ஆளைப் போனில் வைத்துக்கொண்டே செய்யப் போகிறோம்.