"உன்னோடது எங்கே?" யாராவது உங்களைக் கேட்டிருக்காங்களா?

ஸ்வரக்காரி:
கர்நாடக சங்கீதத்துல கற்பனை ஸ்வரம், அதாவது பாட்டு வரிக்கு அந்த இடத்துலேயே சொந்தமா ஸ்வரம் கோத்துப் பாடுறது, கத்துக்க ஆரம்பிச்சு மூணாவது மாசம். மோகன ராகம், ஆதி தாளம். நல்லாப் பாடுறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். டீச்சர் பாதியில தாளத்தை நிறுத்திட்டாங்க. "இது போன வாரம் நான் பாடினது. உன்னோடது எங்கேம்மா?" ஸரிகபத, அஞ்சே ஸ்வரம். எதைத் தொட்டாலும் ஏற்கெனவே கேட்டதாத்தான் வருது. அவங்க கை தொடையில மல்லாந்தபடியே காத்துக்கிட்டு இருந்துச்சு. 8 வருஷம் ஆச்சு, அந்தக் கை கண்ணுக்குள்ள நிக்குது. கீர்த்தனை பாடுவேன். ஸ்வரம் வந்தா நிறுத்திடுவேன்.

புள்ளிக்கோலம்:
எங்க அப்பத்தா மார்கழியில போட்ட சிக்குக் கோலம். கடைசி இழை வந்து கூடல. அழிக்காம, ஓரத்துல ஒரு சுழி கூடுதலாப் போட்டுச் சேர்த்துட்டாங்க. மறுநாள் எதிர்வீட்டு வாசல்ல அதே கோலம், அந்தச் சுழியோட! "உங்க கோலத்தை எடுத்துட்டாங்க"ன்னு குதிச்சேன். அப்பத்தா நின்னு பார்த்துட்டு, "சுழியை என்னைவிட நல்லா வளைச்சிருக்கா ஆத்தா"ன்னாங்க. கோலம் யாருடையதுன்னு கேட்ட முதல் ஆள் எங்க வீட்டுல நான்தான்.

தமிழ் வாத்தியார்:
அந்த டீச்சர் மேல எனக்குக் கோபம். ஆனா நானும் அதே தப்பைச் செஞ்சவன். ஏழாம் வகுப்புப் பையன், தாத்தா சொன்ன நரிக்கதையை எழுதிட்டு வந்தான். "சொந்தமா எழுது"ன்னு திருப்பிக் கொடுத்தேன். தாளை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வச்சான், ஒரு வார்த்தை பேசல. நரி ரேஷன் கடை வரிசையில நிக்கிறதா அவன் மாத்தியிருந்ததை நான் கவனிக்கவே இல்ல.

இத்தனைக்கும் மேல்வகுப்புக்கு நன்னூல் இலக்கணம் நடத்துறவன்! "வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூல்." புத்தம் புதுசு இறைவனுக்குத்தான். மனுஷனுக்கு வழிநூல், முன்னோர் சொன்னதோட "பின்னோன் வேண்டும் விகற்பம்", அதாவது தான் விரும்புற மாறுதல், சேர்த்தாப் போதும். கம்பரே வான்மீகி வழியில வந்தவர்தானே. அந்த ரேஷன் வரிசைதான் பையனோட விகற்பம். இன்னிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகிட்டயே முதல்நூல் கேக்குறோம்.

கடம்:
வாத்தியார் ஐயா, டீச்சரைக் கோவிக்காதீங்க. மனோதர்மத்துல, அதான் அந்த நேரத்துக் கற்பனையில பாடுறதுல, அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகணும். கச்சேரியில தாளவாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல எனக்கும் கை உறைஞ்சிருக்கு. காளமேகப் புலவருக்குத் திருவானைக்காவுல அம்பாள் தாம்பூலம் கொடுத்துக் கவி வந்ததுன்னு கேட்டே வளர்ந்தோம்; அதுவா வரும்னு உக்காந்திருக்கோம்.

ஸ்வரக்காரி, டீச்சர் பாடின அதே பிடியை, அந்த ஸ்வரக் கோவையை, எடுங்க. 'க'வுல நிக்கிறதை 'ப'வுல நிறுத்துங்க. ஒரு வாரம் அது மட்டும். அடுத்த வாரம் அதே பிடியைத் தாளத்துல அரை இடம் தள்ளி ஆரம்பிங்க. எடுப்புக்கு, அதான் பாட்டு வரி தாளத்துல தொடங்குற இடத்துக்கு, வந்து சேர்ந்தாச் சரி. ரெண்டு மாசத்துக்குப் பதிவு பண்ணிக் கேக்காதீங்க.

ஸ்வரக்காரி:
டீச்சர் கேட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. 'ப'வுல நிறுத்தி இப்பப் பாடிப் பார்த்தேன், சமையல்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு. எடுப்பு தவறிடுச்சு.