10 விநாடி அலை: ரத்தக்குழாயா, நாடியா?

குகைவாசி:
மூளை ரத்தக்குழாய்களின் தாளத்தை எம்.ஆர்.ஐ-யில் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆள் கிடைக்காததால் நானே உள்ளே படுத்தேன். 10 நிமிடம், 2 விநாடிக்கு ஒரு படம். 10 விநாடிக்கு ஒருமுறை சிக்னல் மெல்ல ஏறி இறங்குகிறது. சிறு தமனிகள் தாமாகச் சுருங்கி விரிவதும் ஏறக்குறைய இதே வேகம்தான் என்பதால், பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். லேபில் மூத்தவர் எட்டிப் பார்த்து, "நாடி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் நாடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய காந்தம்:
நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார், வாய்தான் கஞ்சம். நாடி 66 என்று வையுங்கள். 2 விநாடியில் 2.2 துடிப்பு. அப்படியானால் ஒவ்வொரு படமும் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி விழும். ஐந்து படத்தில் ஒரு சுற்று, அதாவது 10 விநாடி! சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் மெதுவாகச் சுற்றுமே, அதே கண்கட்டு. நாடி சரியாக 60 என்றால் அலையே தெரியாது. 72 என்றால் 5 விநாடி அலை.

1.7 விநாடி இடைவெளியில் மறுபடி எடுங்கள். நாடி மாறாவிட்டால் பொய் அலை 13 விநாடிக்கு நகரும். குழாயின் சொந்த அலை நகராது. மெஷின் 0.4 விநாடிக்கு ஒரு படம் தருமென்றால் இந்தக் கூத்தே வேண்டாம்.

மெல்லமூச்சு:
மூச்சை விட்டுவிட்டீர்களே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் அதுவும் 10 விநாடிதான். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் குழாய் விரியும், சிக்னலும் ஏறும். மூச்சை அளக்க வயிற்றில் பெல்ட் கட்டினீர்களா? அப்புறம், தூங்கிவிடவில்லையே? ஆழ்ந்த தூக்கத்தில் ரத்த அலை பெரிதாகி, அதோடு மூளை-தண்டுவட நீரும் சுமார் 20 விநாடிக்கு ஒருமுறை பாய்வதை 2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு காட்டியது.

குகைவாசி:
தூங்கவில்லை, அந்தச் சத்தத்தில் எங்கே. விரல் கிளிப்பின் பதிவைத் தேடி எடுத்தேன்: நாடி 64 முதல் 68 வரை. நான்காவது நிமிடத்துக்கு மேல் வெறும் கோடு. கிளிப் கழன்றது எனக்கே தெரியவில்லை.

1.7-இல் மறுபடி படுத்தேன். மூளையின் அடியில், பெருந்தமனிகளை ஒட்டித் தெரிந்த அலை 13 பக்கம் போய்விட்டது. மூளையின் வெளி அடுக்கான புறணியில் கொஞ்சம் மட்டும் 10-லேயே நிற்கிறது. பெல்ட் கட்டவில்லை, அதனால் இன்னும் துள்ளவில்லை. வியாழக்கிழமை கட்டிக்கொண்டு படுக்கிறேன், கிளிப்புக்கு மேல் டேப்பும் ஒட்டி.