லேப் அம்மா, சிப்பிப்பாறை அப்பா: குட்டி எடுக்கலாமா?

குழு: பெரிய வீட்டு சொந்தங்கள்

புவனா (காலை 8:14)
எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல சின்ராசு சித்தப்பா வீட்டுக்கு எதிர்வீட்டு லேப், அதான் லாப்ரடார் பெட்டை, தெரியாம சேந்து குட்டி போட்டிருக்கு. ஆறு குட்டி, இன்னைக்கு 35 நாள். காசு வேண்டாம், இந்த ஞாயித்துக்கிழமையே வந்து தூக்கிட்டுப் போங்கன்னு சொல்றாங்களாம். எடுக்கலாமா? எங்களுக்கு போரூர்ல மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம். பையனுக்கு நாலு வயசு. வீட்டுக்காரர் அருண் அரைமனசா இருக்கார்.

சின்ராசு சித்தப்பா (8:21)
தாய் மஞ்ச லேப், ஒன்றரை வயசு. அப்பன் தெக்குத் தெரு சிப்பிப்பாறை வேட்டை நாயின்னு சொல்றாக, அது சந்தன நிறம். ஆனா ஆறு குட்டியும் கருப்பு. சிப்பிப்பாறையாவது ஒண்ணாவது, தெரு நாயிதான்னு ஊருக்குள்ள பேச்சு.

டாக்டர் மாமா (8:34)
ஊர்ப் பேச்சை விடுங்க மச்சான். மஞ்ச லேபுக்குள்ள கருப்பு இருக்கு. கருப்பு நிறம் கொடுக்கிற மரபணு அந்த நாய்க்கு உண்டு, இன்னொரு மரபணு ரெண்டு பிரதியா சேந்து அதை முடியில வரவிடாம தடுக்குது. குட்டிக்கு அந்தத் தடை தாய் வழியா ஒரு பிரதிதான் போகும், அது பத்தாது. அப்பன் பக்கம் தடை இல்லேன்னா மஞ்சளும் சந்தனமும் சேந்து ஆறும் கரிக்கட்டையா பிறக்கிறதுல அதிசயமே இல்ல.

டாக்டர் மாமா (8:36)
அதுக்காக சிப்பிப்பாறைதான் அப்பன்னு நிரூபணம் ஆயிடல. பெட்டை சூட்டுக்கு வந்தா சுமார் மூணு வாரம் இருக்கும், அதுல பல நாள் சேர விடும். ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் இருக்கலாம். ரெண்டும் சேந்து ஒட்டிக்கிட்டு லாக் ஆனதை யாராச்சும் கண்ணால பாத்தாங்களா?

சின்ராசு சித்தப்பா (8:40)
சிப்பிப்பாறையோட லாக் ஆனதை ஒருவாட்டி பாத்திருக்காக. மத்த நாளு வாசல் கேட்டைப் பூட்டல.

கவிதா (8:47)
அக்கா, அப்பன் யாருன்றதை விட எடுக்கிற நாள் முக்கியம். 35 நாள்ல எடுக்காத. எவ்வளவு அழுத்திக் கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்னு குட்டி கத்துக்கிறதே அஞ்சுல இருந்து எட்டாவது வாரத்துக்குள்ளதான், அதுவும் கூடப்பிறந்ததுகிட்டயும் தாய்கிட்டயும். முன்னாடியே பிரிச்சா அந்தப் பாடத்தை உன் பையன் கையில படிக்கும். எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கக் கூடாதுன்னு நாய் வளர்ப்பு விதியே 2017ல வந்தாச்சு. இங்க விக்கல, சும்மா கொடுக்கிறாங்க. காரணம் அதேதான்.

புவனா (8:52)
அவங்களால வச்சுப் பாக்க முடியலையாம். தாய் பால் கொடுக்காம எழுந்து போயிடுதாம்.

டாக்டர் மாமா (8:58)
எழுந்து போகத்தான் செய்யும். குட்டிக்கு ஊசி மாதிரி பல் வந்திருக்கும், மடியைக் கீறும். தாய் நிக்கலேன்னா தட்டுல வைக்க வேண்டியதுதான். இந்த எடைக்கு ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் போல உலர் பப்பி தீவனம், வெந்நீர்ல ஊற வச்சுக் கூழாக்கி நாலு வேளை. ஆறு குட்டிக்கு மூணு வாரம்னா 12, 13 கிலோ. அந்த மூட்டையை நீ வாங்கி அனுப்பு புவனா. அவங்க தயங்குறது செலவுக்குத்தான். மாட்டுப்பால் மட்டும் ஊத்த வேண்டாம்னு சொல்லு, கழிச்சல்ல போகும்.

சின்ராசு சித்தப்பா (9:03)
மூட்டை வந்தா நான் பேசி 56 நாள் வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்.

டாக்டர் மாமா (9:05)
தாய்க்கு ஊசி என்ன போட்டிருக்கு மச்சான்?

சின்ராசு சித்தப்பா (9:17)
கேட்டுட்டேன். வெறிநாய் ஊசி மட்டும். வேற எதுவும் இல்லையாம். பூச்சி மருந்தும் கொடுத்ததில்ல.

டாக்டர் மாமா (9:29)
அப்ப குட்டிக்குத் தாய்ப்பால் வழியா பார்வோ (ரத்தக் கழிச்சல் கொண்டு வர்ற வைரஸ்) எதிர்ப்பு அதிகம் வந்திருக்காது. முதல் ஊசி 42ஆம் நாளே போட்டுடுங்க. அப்புறம் 66, 90, 115. ஒவ்வொண்ணுக்கும் இடைவெளி மூணுல இருந்து நாலு வாரம் இருக்கணும், கடைசி ஊசி 16 வாரத்தைத் தாண்டினதா இருக்கணும். ரெண்டு போட்டாச்சு போதும்னு நிறுத்துறவங்க வீட்டுலதான் நாலாவது மாசத்துல ரத்தக் கழிச்சல் வரும். தாய் கொடுத்த எதிர்ப்பு மிச்சம் இருக்கிற வரைக்கும் அது ஊசியையே வேலை செய்ய விடாது. அந்த மிச்சம் என்னைக்குத் தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் திரும்பத் திரும்பப் போடுறோம். வெறிநாய் ஊசி 90ஆம் நாள் கூடவே.

டாக்டர் மாமா (9:31)
பூச்சி மருந்து இன்னைக்கே. எடை பாத்து. அப்புறம் எட்டு வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருக்கா. உருண்டைப்புழு கருவிலேயே தாய்கிட்ட இருந்து வந்திருக்கும். வயிறு பானையா இருக்கு, நல்லா சாப்பிடுதுன்னு சந்தோஷப்படாதீங்க. மச்சான், தாய்க்கும் கொடுக்கணும்.

அருண் (9:44)
மாமா, என் கேள்வி ஒண்ணுதான். இது எவ்வளவு பெருசாகும்? பதிலைப் பாத்துட்டு சரி சொல்றேன்.

கவிதா (9:50)
அத்தான், லேப் பெட்டை 25ல இருந்து 30 கிலோ. சிப்பிப்பாறை உயரம், ஆனா எலும்பும் நரம்பும்தான், 20 கிலோவை ஒட்டி நிக்கும். குட்டி 20க்கும் 28க்கும் நடுவுல எங்கயாச்சும் நிக்கும். 16 வாரத்துல எடை போட்டு ரெண்டால பெருக்குங்க, கிட்டத்தட்ட வந்துடும். அதுக்கு முன்னாடி பாதத்தைப் பாத்து ஜோசியம் சொல்றது எல்லாம் சும்மா.

அருண் (9:53)
குணம்?

கவிதா (9:58)
அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. லேபோட சாப்பாட்டு ஆசை, சிப்பிப்பாறையோட ஓட்டம், ரெண்டும் ஒண்ணா வந்தா வீட்டுக்கு சிரமம்தான். அம்மாவைப் பாருங்க. குட்டி பக்கம் புது ஆள் வந்தா உறுமுதா, ஒதுங்குதா, வாலாட்டுதா. தாய் பயந்தாங்கொள்ளியா இருந்தா குட்டியும் அப்படி வர வாய்ப்பு அதிகம்.

சின்ராசு சித்தப்பா (10:06)
சிப்பிப்பாறை ரத்தத்துக்கு ஒண்ணு சொல்லுதேன். ஓடுறதைக் கண்ணு பாத்துட்டா அதுக்குக் காது கேக்காது. பூனை, கோழி, ஸ்கூட்டர் எதுவா இருந்தாலும் சரி. போரூர் மாதிரி இடத்துல கயித்தை அவுத்து விடவே கூடாது. பிஸ்கட்டைக் காட்டுனா திரும்பி வரும்னு நம்பக் கூடாது.

சின்ராசு சித்தப்பா (10:08)
கழுத்துப் பட்டையும் சாதாரணமா வாங்காத. தலை கழுத்தை விடச் சிறுசு, பின்னால இழுத்தா நழுவி வெளிய வந்துரும். இழுத்தா இறுகி, விட்டா தளர்ற பட்டை, இல்லேன்னா நெஞ்சோட சேத்து மாட்டுற ஹார்னஸ். இறுகினப்புறம் ரெண்டு விரல் உள்ள போகணும்.

செல்வி அத்தை (10:15)
எல்லாம் சரி, புவனாவும் அருணும் ஒன்பது மணிக்குப் போனா ஏழு மணிக்கு வர்றாங்க. நடுவுல யாரு பாக்கிறது?

கவிதா (10:21)
அத்தை கேட்டதுதான் முதல் கேள்வியா வந்திருக்கணும். மாசத்தோட ஒண்ணைக் கூட்டினா அத்தனை மணி நேரம் சிறுநீர் அடக்கும். ரெண்டு மாசக் குட்டிக்கு மூணு மணி நேரம், அதுவே அதிகம். காலையில விட்டுட்டு சாயங்காலம் வந்தா வீடு முழுக்க நனைஞ்சிருக்கும், அப்புறம் அது பழக்கமாயிடும். பகல்ல மூணு தடவையாவது ஆள் வேணும். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடிச்சதும் ஒரே இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.

செல்வி அத்தை (10:26)
பால்கனி வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். சாப்பாடும் வைக்கிறேன். பெருசானப்புறம் கயித்தைப் பிடிச்சுக் கீழ இறங்க மாட்டேன். என் முட்டி தாங்காது.

டாக்டர் மாமா (10:30)
நீங்க இறங்கவே கூடாதுக்கா. 25 கிலோ ஒரு பூனையைப் பாத்து இழுத்தா படிக்கட்டுல விழுவீங்க, இடுப்பு எலும்புல முடியும். அருண், காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, ஒவ்வொண்ணும் 45 நிமிஷம் உன் கணக்கு. ஒன்றரை வருஷம் கழிச்சும், மழையிலயும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, தப்பில்ல. வேணும்னா நாலஞ்சு வயசான, குணம் தெரிஞ்ச நாயைத் தத்தெடுத்துக்கலாம். உங்க வீட்டுக்கு அதுவே பொருத்தம்னு எனக்குத் தோணுது.

அருண் (10:41)
காலை நடை எனக்கு ஏற்கெனவே உண்டு. சாயங்காலம் தினமும் உறுதி சொல்ல முடியாது.

புவனா (10:43)
சாயங்காலம் நான்.

பாலா (10:44)
இனிய காலை வணக்கம்! உழைப்பே உயர்வு!

கவிதா (10:45)
பாலா அண்ணா, 10:44க்கா?

புவனா (10:49)
அசோசியேஷன்ல நாய் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க.

டாக்டர் மாமா (10:55)
சங்கம் தடை போட முடியாது, லிஃப்டுல ஏத்தாதேன்னும் சொல்ல முடியாது. விலங்குகள் நல வாரியத்தோட வழிகாட்டுதல் இருக்கு. ஆனா கழிவை எடுக்கிறது, குரைப்பைக் கட்டுப்படுத்துறது உன் பொறுப்பு. வெறிநாய் ஊசி போட்டதும் மாநகராட்சி உரிமம் வாங்கிடு.

புவனா (11:02)
ஆறுல எதை எடுக்கிறது? என்ன பாக்கணும்?

டாக்டர் மாமா (11:16)
தூங்கி எழுந்த நேரமா போய்ப் பாரு. ஈறு ரோஜா நிறமா இருக்கணும், வெளிறி இருந்தா ரத்தசோகை. உண்ணி, தெள்ளு, கொக்கிப்புழு மூணுல ஏதோ ஒண்ணு. காதுக்குள்ளயும் விரல் இடுக்குலயும் உண்ணி தேடு. தொப்புள்ல உருண்டையா மெத்துன்னு வீக்கம் இருந்தா அமுக்கிப் பாரு. உள்ள போச்சுன்னா சின்ன குடலிறக்கம், கருத்தடை பண்றப்ப சேத்துத் தச்சிடலாம். உள்ள போகாம கெட்டியா இருந்தா உடனே காட்டணும். ஆண் குட்டியா இருந்தா எட்டு வாரத்துல ரெண்டு விதையும் கைக்குத் தட்டுப்படணும். பின்னால நின்னு சாவிக்கொத்தைக் குலுக்கு, திரும்பணும். மல்லாக்கப் படுக்க வச்சு நெஞ்சுல லேசா கையை வை. கொஞ்சம் துள்ளிட்டு அடங்கினா உன் வீட்டுக்கு சரி. விடாமக் கத்திக் கடிச்சாலும் வேண்டாம், அசையாமக் கல்லாட்டம் கிடந்தாலும் வேண்டாம்.

கவிதா (11:20)
ஓடி வந்து மடியில ஏறுற முதல் குட்டியை எல்லாரும் எடுப்பாங்க. பெரும்பாலும் அதுதான் இருக்கிறதுலயே முரடு. நடுவுல இருக்கிறதை எடுக்கா.

டாக்டர் மாமா (11:24)
உண்ணி இருந்தா மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கரைச்சுக் குளிப்பாட்டாதீங்க. குட்டிக்கு விஷமேறி இழுப்பு வரும். இடுக்கியால எடுங்க. எட்டு வாரமும் 2 கிலோவும் தாண்டினா மாத்திரை இருக்கு.

புவனா (11:30)
ஆணா பெண்ணா?

டாக்டர் மாமா (11:37)
எதுவானாலும் கருத்தடை உண்டு. பெட்டைக்கு ஆறுல இருந்து பன்னெண்டு மாசத்துக்குள்ள முதல் சூடு வரும். அதுக்கு முன்னாடி பண்ணா மடிக்கட்டி ஆபத்து வெகுவா குறையும். ஆனா இந்த அளவு நாய்க்கு மூட்டு வளர்ச்சிக்காக கொஞ்சம் தள்ளிப் போடலாம்னும் ஒரு கட்சி இருக்கு, உன் டாக்டரோட பேசி முடிவு பண்ணு. அப்பன் சிப்பிப்பாறையா இருக்கலாம்னு அவர்கிட்ட மறக்காம சொல்லு. கொழுப்பில்லாத வேட்டை நாய்ச் சாதிகளுக்கு தயோபென்டோன் மாதிரி மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரம் ஆகும். குட்டி கருப்பு லேப் மாதிரியே இருந்தா அவருக்கு சந்தேகமே வராது.

டாக்டர் மாமா (11:39)
மச்சான், தாயை விட்டுடாதீங்க. பால் வத்தினதும், அடுத்த சூட்டுக்கு முன்ன கருத்தடை. இல்லேன்னா ஆறு மாசத்துல இதே கதை. வீட்டுல ஒரு கடுவன் குட்டியை நிறுத்திக்கிட்டா தாயோடயே சேந்துரும்.

அருண் (11:48)
பையனைக் கடிச்சா?

டாக்டர் மாமா (11:55)
பல் பதிஞ்சாலோ கீறினாலோ சோப்பும் ஓடுற தண்ணியும், 15 நிமிஷம் கடிகாரம் பாத்து. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாத. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி. தோல்ல போடுற வெறிநாய் ஊசின்னா 0, 3, 7, 28ஆம் நாள். குட்டிதானேன்னு விடக்கூடாது. அது வந்த இடத்துல தெரு நாய் நடமாட்டம் இருந்திருக்கு.

கவிதா (12:02)
கடைசி ஊசி முடிஞ்சு பத்து நாள் ஆகிற வரைக்கும் தெருத் தரையில விடாதக்கா. ஆனா வீட்டுக்குள்ளயே அடைச்சும் வைக்காத. உலகத்துக்குப் பழகுற வயசு 14 வாரத்தோட ஏறக்குறைய முடிஞ்சிடும். துணிப் பையில தூக்கிட்டு கீழ போ. ஆட்டோ சத்தம், குக்கர் விசில், குடை விரியறது, செக்யூரிட்டி அண்ணனோட தொப்பி எல்லாத்தையும் காட்டு. வேட்டுச் சத்தத்தை போன்ல மெதுவா போட்டுப் பழக்கு. தீபாவளிக்கு நன்றி சொல்லுவ.

செல்வி அத்தை (12:08)
சாப்பாடு தயிர்சாதம் போதுமா?

டாக்டர் மாமா (12:14)
வளர்ற குட்டிக்குப் போதாதுக்கா. பப்பி தீவனம்தான் அடிப்படை, மூணு மாசம் வரைக்கும் நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு, அப்புறம் ரெண்டு. மேல வேக வச்ச கோழியோ முட்டையோ கொஞ்சம். அது கூட கால்சியம் சிரப் ஊத்தாதீங்க. தீவனத்துல அளவா இருக்கு, மேல ஊத்தினா பெருசா வளர்ற சாதிக்கு எலும்பு வளையும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடாது.

சின்ராசு சித்தப்பா (12:20)
கூட்டிட்டுப் போறப்ப?

கவிதா (12:27)
கார்தான். ராத்திரி கிளம்பறது நல்லது, வெயில் இருக்காது. கிளம்பறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்திடுங்க, தண்ணி கொடுக்கலாம். அட்டைப்பெட்டி நனைஞ்சா பிஞ்சுடும், பிளாஸ்டிக் கூடையில பழைய துணி விரிங்க. தாய் படுத்த துணி ஒண்ணையும் போடுங்க. நெடுஞ்சாலை ஹோட்டல் வாசல்ல மட்டும் இறக்கி விடாதீங்க. நூறு நாய் போன மண்ணு அது, பார்வோ மாசக்கணக்கா உயிரோட இருக்கும். வண்டியிலயே செய்தித்தாள் விரிச்சுக்கங்க.

டாக்டர் மாமா (12:30)
பார்வோவுக்கு பினாயில் உதவாது. அழுக்கைக் கழுவிட்டு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணி, பத்து நிமிஷம் ஊறணும்.

அருண் (12:41)
சரி, 56ஆம் நாள் பாத்துட்டு முடிவு பண்றோம். தீவனம் இன்னைக்கே ஆர்டர் போடுறேன், குட்டி எடுக்கலேன்னாலும் அது அவங்களுக்கே.

சின்ராசு சித்தப்பா (12:46)
நல்லது மாப்ள. பூச்சி மருந்து சாயங்காலம் வாங்குதேன். எடை எப்படி போட?

டாக்டர் மாமா (12:48)
குட்டியைத் துணிப் பையில போட்டுத் தூக்கு தராசுல தொங்கவிடுங்க, பையோட எடையைக் கழிச்சுடுங்க. ஆறும் ஒரே கருப்பு, அதனால கழுத்துல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கலர் நூல் கட்டுங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தளர்த்துங்க. இல்லேன்னா ஒரே குட்டிக்கு ரெண்டு தடவை மருந்து போயிடும்.